மார்லிஸுக்கு ஒரு நாலு சக்கர பைக்

பில்லிங்ஸ்
ஜூலை 8

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. மே மாதம் பேசியபோது நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப்பின் நானும் அடிக்கவில்லை, நீயும் அடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். காகிதத்தை நீ கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

'மாட்டையெல்லாம் வித்துட்டு டவுனுக்கு வந்துடு' என்று நான் சொன்னது உன் இடுப்பை நினைத்துத்தான். அதை விடு. டாக்டர் இனிமேல் நீ குதிரை ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். பனி விழுவதற்குள் உன் மாடுகளை நீயே சுற்றிப் பார்க்க முடியாவிட்டால், அவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு நிலத்தைப் பக்கத்துப் பண்ணை ஆர்னி க்ரோக்குக்குக் குத்தகைக்கு விடப்போகிறாயாம். இதையெல்லாம் கோனியிடம் சொல்கிறாய். என் பெண்டாட்டியிடம் சொல்வாய், என்னிடம் சொல்ல மாட்டாய். இருக்கட்டும்.

எனக்கு ஒன்று தோன்றியது. குதிரைதானே ஏறக்கூடாது? நாலு சக்கர பைக் ஏறலாமே?

நவம்பரில் உன் நிலத்துக்கு மான் வேட்டைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றை உன் வாசலில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். மினசோட்டாக்காரர்கள் சாசேஜ் வைப்பார்கள். அந்தப் பல் டாக்டர் விஸ்கி வைப்பார். நிலத்துக்காரருக்கு ஒன்றுமே வைக்காமல் போகிற ஒரே ஆள் நான்தான். நான் கொண்டுவருவது எப்போதும் அழுக்குத் துணி, அதையும் நீ துவைத்துக் கொடுத்து அனுப்புவாய். வேட்டைக்குப் போகிறேன் என்று ஆலையில் லீவு சொல்லிவிட்டு வருகிறேனே தவிர, உண்மையில் நான் வருவது வீட்டுக்கு. அந்த வீடு இன்னும் நமக்கு இருப்பதற்குக் காரணம் நீ. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வருஷம் நான் உன் வாசலில் வைக்கப்போவது அந்த பைக்தான். வேண்டாம் என்று சொல்லாதே. என் படகை விற்றாயிற்று. அதில் போய் நான் பிடித்த மீனைவிட என்னைப் பார்த்துச் சிரித்த மீன்தான் அதிகம். உனக்கு எந்த மாதிரி வேண்டும் என்று எழுது.

உன் தம்பி,
லைல்


சேஜ் க்ரீக்
ஜூலை 15

லைல்,

நான் போனை வைக்கவில்லை. கீழே போட்டேன். இரண்டும் வேறு.

நீ சொல்கிற வஸ்துவை எனக்குப் பிடிக்காது. குதிரை மாதிரி கூப்பிட்டால் வராது. இருட்டினால் தானாக வீடு திரும்பாது. சார்ஜென்ட் ஏதோ பிராணி தோண்டிய வளையில் குளம்பை விட்டு என்மேல் விழுந்தான், உண்மைதான். ஆனால் அவனுக்கு அது வருத்தம். அப்படித்தான் நான் நம்புகிறேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நான் ஊன்றுகோலோடு கொட்டகைவரை நொண்டுவதை வேலியோரம் நின்று புல் மென்றுகொண்டே பார்க்கிறான்.

ஆர்னி தன் பிக்கப்பில் வந்து என்னை மாடுகளிடம் அழைத்துப் போகிறான். உப்புக்கட்டி வைக்க வேண்டுமென்றாலும் தண்ணீர்த் தொட்டி பார்க்க வேண்டுமென்றாலும் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நல்லவன். ஆனால் வழியில் எத்தனை கேட் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் இறங்கித் திறக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். என்னை அவன் இறங்க விடுவதில்லை. 'நீ உக்காரு மார்லிஸ்' என்று ஒவ்வொரு கேட்டுக்கும் அவனே இறங்கி, திறந்து, ஏறி, ஓட்டி, மறுபடி இறங்கி, மூடி, ஏறுகிறான். நான் என் சொந்த நிலத்தில் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

எனவே சொல்கிறேன், கேட்டுக்கொள். பெரியது வேண்டாம். கவிழ்ந்தால் என்மேல்தான் கவிழும், அந்த அனுபவம் எனக்குப் போதும். காலைத் தூக்கிப் போட முடியாது, அதனால் சீட் தாழ்வாக இருக்க வேண்டும். ஓடைப் பள்ளத்தில் இறங்கும்போது வண்டியே தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழை பெய்தால் நம் களிமண் என்ன செய்யும் என்பதை மறக்காதே, சாலையில் ஓட்டுகிற டயரோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். முன்னால் இரும்புக் கம்பங்களும் கம்பிச் சுருளும் வைக்க இடம். பின்னால் பென்னி உட்கார இடம். அந்த நாயை விட்டுவிட்டு நான் எங்கும் போவதில்லை. சத்தம் போடக்கூடாது, என் மாடுகள் உன்னைப் போல, சின்ன விஷயத்துக்கெல்லாம் மிரளும்.

இன்னொன்று. என் நிலத்தில் யாரும் அதில் உட்கார்ந்துகொண்டு மான் தேடக்கூடாது. நீயும்தான். நடந்து போ, சுடு, அப்புறம் மானை எடுத்துவர வண்டியைக் கேள், தருகிறேன்.

நான் சரி என்று சொல்லவில்லை. வாங்கினால் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

மார்லிஸ்


பில்லிங்ஸ்
ஆகஸ்ட் 3

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை முழுவதும் ஷோரூமில் கழிந்தது. ட்ரெவர் என்று ஒரு பையன், விற்பனையில் இருக்கிறான். முதலில் என்னை எண்ணூற்றைம்பது சிசி வண்டி ஒன்றில் உட்கார வைத்தான். அக்கா, பொய் சொல்ல மாட்டேன், இறங்க மனசே வரவில்லை. உடம்பு முழுக்கக் காட்டு இலை வர்ணம். 'சார், இது மலையே ஏறும்' என்றான். மான் வேட்டைக்கு இதைவிட்டால் வேறு இல்லை என்று எனக்கும் தோன்றியது. அப்புறம் அது உன்மேல் கவிழ்ந்து கிடப்பதாக நினைத்துப் பார்த்தேன். இறங்கிவிட்டேன்.

நான் மாட்டுத்தீவன மூட்டை ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், பென்னியின் எடை இருக்கும். ஒவ்வொரு வண்டியிலும் பின்தட்டில் வைத்து, கடைக்குப் பின்னாலிருக்கிற மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ட்ரெவரால் பொறுக்க முடியவில்லை.

'சார், நாய்க்கா வண்டி வாங்குறீங்க?'

'நாய்க்குந்தான். அது ஏறலேன்னா எங்க அக்காவும் ஏற மாட்டா.'

மூட்டை இரண்டு வண்டிகளில் விழுந்தது. அவை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன்.

பழைய வண்டி ஒன்றையும் லாரல் பக்கம் போய்ப் பார்த்தேன். 'வீட்டைச் சுத்தித்தாங்க ஓட்டுனேன்' என்று விற்கிறவன் சத்தியம் செய்தான். ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே உருளைக்கிழங்கு நடலாம், அவ்வளவு மண். எந்த ஆற்றுக்குள் விட்டு எடுத்தானோ. புதியதுதான் வாங்கப்போகிறேன்.

ஐந்நூறு சிசி ஒன்று மனசில் நிற்கிறது. கியர் மாற்ற வேண்டியதில்லை. நாலு சக்கரமும் இழுக்கும். இறக்கத்தில் தானே பிடித்துக்கொள்கிறது. பவர் ஸ்டீயரிங் இருப்பதால் கை வலிக்காது. கோனி ஏறிப் பார்த்தாள், அவள் உன்னைவிடக் குள்ளம், அவளுக்கே கால் சுலபமாகப் போயிற்று. சத்தம், உன் சமையலறை ஃபிரிட்ஜைவிடக் கொஞ்சம் அதிகம். முன்னால் ஒரு வின்ச் போடலாம் என்றிருக்கிறேன், கம்பிவடத்தை மாட்டினால் எதையும் இழுத்துவிடும். என்ன சொல்கிறாய்?

லைல்


சேஜ் க்ரீக்
ஆகஸ்ட் 11

லைல்,

வின்ச் எதற்கு? நான் என்ன தேவாலயத்தையா இழுத்துக்கொண்டு போகப்போகிறேன்? அது உன் மானுக்கு. வெட்கப்படாமல் அதைச் சொல்லு.

காட்டு இலை வர்ணம் வேண்டவே வேண்டாம். புல்வெளியில் நிறுத்திவிட்டு அப்புறம் நானே தேடிக்கொண்டிருப்பேன். சிவப்பு இருந்தால் சிவப்பு.

மூட்டையை ஏற்றிப் பார்த்தது நல்ல காரியம். உனக்கு மூளை உண்டு என்று அம்மா சொல்வாள், நான்தான் நம்பவில்லை. ராத்திரி அந்தக் கடிதத்தை பென்னிக்குப் படித்துக் காட்டினேன். எனக்காக ஒரு சனிக்கிழமை முழுவதையும் யாரும் செலவழித்து ரொம்ப நாளாயிற்று.

இங்கே வைக்கோல் கட்டு எல்லாம் உள்ளே வந்துவிட்டது, ஆர்னியின் புண்ணியத்தில்.

மார்லிஸ்


பில்லிங்ஸ்
செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

வாங்கிவிட்டேன். சிவப்பு. ஐந்நூறு. வின்ச்சும் போட்டுவிட்டேன், திட்டுவதை மொத்தமாக ஒரே கடிதத்தில் திட்டிவிடு.

நானே கொண்டுவந்து, நீ முதல்முறை ஓட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முடியவில்லை. ஆலையில் சர்க்கரைக்கு அரைக்கிற பீட்கிழங்கு வர ஆரம்பித்துவிட்டது, இனி நவம்பர்வரை செத்தால்தான் லீவு. கடவுள் ஆர்னியை அனுப்பினார். கிழட்டு மாடுகளை விற்க இங்கே சந்தைக்கு வந்திருந்தான், திரும்பும்போது டிரெய்லர் காலி. அதில் ஏற்றிவிட்டோம். கழுவாத டிரெய்லர். ட்ரெவர் அந்த வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தான், சாணிக்குள் அது ஏறுவதைப் பார்த்து அவன் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆர்னி சொன்னான்: 'விடு தம்பி, போற எடத்துல இதான் அதுக்கு நிரந்தர வர்ணம்.'

ஆர்னி பாவம். உன் குத்தகை நிலம் அவனுக்குக் கிடைக்காமல் போவதற்கான வண்டியை அவனே ஏற்றிக்கொண்டு போகிறான், அது அவனுக்கும் தெரியும். கயிற்றை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக் கட்டினான்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், அக்கா. ஒன்றைக்கூட விடவில்லை. ஓட்டிவிட்டு உடனே எழுது.

லைல்


சேஜ் க்ரீக்
செப்டம்பர் 17

அன்புள்ள லைல்,

வண்டி வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. நீ சொன்ன மாதிரியே சீட் தாழ்வு, இடுப்பு வலிக்காமல் ஏறி உட்கார முடிந்தது. பென்னி பின்தட்டைத் தன் வீடாக்கிக்கொண்டாள், சாப்பிடக்கூட இறங்க மாட்டேன் என்கிறாள். கோழிகள் அதன் நிழலில் படுக்கின்றன. சத்தமே இல்லை.

உனக்கு நன்றி. இதற்காகப் படகையே விற்றுவிட்டாய். இப்படி ஒரு பொருளை யாரும் எனக்கு வாங்கித் தந்ததில்லை.

இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன். வயசாகிவிட்டது, மெதுவாகத்தான் வரும். அவசரம் இல்லை. கோனியை விசாரித்ததாகச் சொல்.

மார்லிஸ்


பில்லிங்ஸ்
செப்டம்பர் 28

அக்கா,

உன் கடிதத்தை நான் நாலு தடவை படித்தேன். நீ திட்டவே இல்லை. வின்ச் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அன்புள்ள லைல்' என்று வேறு ஆரம்பித்திருக்கிறாய். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நேற்று சாப்பிடும்போது கோனிக்கு அந்த வண்டியைப் பற்றி மறுபடி பெருமையடித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வலது கைக்குள்ளேயே இருக்கிறது, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைத் தள்ளினால் போதும், வெண்ணெய் மாதிரி போகும் என்று கையைத் தூக்கிச் செய்துகாட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'லைல், உங்க அக்காவுக்கு அந்தக் கையில கட்டைவிரலே கெடையாதே. எத வெச்சுத் தள்ளுவாங்க?'

அதற்குமேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா, அந்த விரல் போய் முப்பது வருஷமாயிற்று. அந்தக் கை முடிச்சுப் போடுவதை, கோழி உரிப்பதை, கன்றை இழுத்து வெளியே எடுப்பதை எல்லாம் பார்த்தே எனக்கு வயசாயிற்று. அதில் ஒன்று குறைகிறது என்பதே என் புத்தியில் இல்லை. நாய் விழுமா என்று பார்த்தேன், உன் கையைப் பார்க்கவில்லை. நீ அதை ஓட்டவே இல்லை, அப்படித்தானே? உண்மையை எழுது.

லைல்


சேஜ் க்ரீக்
அக்டோபர் 4

லைல்,

சாப்பாட்டை வீணாக்காதே, கோனி நன்றாகச் சமைப்பவள்.

உண்மை வேண்டுமா? கேள். உன் புத்தியில் இல்லாதது மட்டுமல்ல, என் புத்தியிலும் இல்லை. சீட்டு, டயர், வர்ணம் என்று நானும்தான் உனக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன், விரலைப் பற்றி எழுதினேனா? மாட்டுக்குச் சுருக்கு வீசிவிட்டுக் கயிற்றைச் சேணத்துக் கொம்பில் சுற்றும்போது விரலைப் பறிகொடுத்தவர்கள் நம் பக்கத்தில் அரை டஜன் பேர் இருக்கிறார்கள். கை குலுக்கும்போதுகூட யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அப்படியே நானும் மறந்துவிட்டேன். அன்றைக்கு ஆர்னி போனதும் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன், கைப்பிடியைப் பிடித்தேன். வண்டி உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. எந்த இடத்தில் என்ன தப்பு என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. விரல் போன நாளில்கூட நான் அழவில்லை, லைல். அன்றைக்கு அழுதேன்.

அப்புறம் உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தேன். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து தள்ளினேன். அப்போது போனது, நன்றாகவே போனது. கோழிக்கூட்டுக்கு இப்போது மூன்று மூலைதான். கோழிகள் என்னோடு பேசுவதில்லை.

ஆர்னிக்கு முதலிலேயே தெரியும். டிரெய்லரிலிருந்து ஓட்டி இறக்கினவன் அவன்தானே. என் கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். சொன்னால் குத்தகைக்கு ஆசைப்பட்டுச் சொன்னதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பான்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்றால், படகை விற்று வாங்கிய பொருளை எனக்கு ஆகாது என்று எந்த வாயால் சொல்வது? உன் அன்பில் நான் குறை சொன்னதாக ஆகிவிடாதா? போதும், இதற்குமேல் இழுக்க வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. இந்த மாதம் மூன்றாவது ஞாயிறு குத்தகைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வா என்று ஆர்னியிடம் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் மாடுகள் சந்தைக்குப் போகும்.

நீ நவம்பரில் வந்து ஓட்டு. உன் மானை இழுத்துவர அது நல்ல வண்டி. நான் நிஜமாகவே நன்றியோடு இருக்கிறேன்.

மார்லிஸ்


பில்லிங்ஸ்
அக்டோபர் 9

அக்கா,

கையெழுத்துப் போடாதே. இதோடு ஒரு பார்சல் வருகிறது. ஆக்சிலேட்டரை இடது கைப்பிடிக்கு மாற்றுவதற்கு வேண்டியது அத்தனையும் அதில் இருக்கிறது. உன் இடது கட்டைவிரல் இன்னும் இருக்கிறதுதானே? இந்தத் தடவை கேட்டுக்கொள்கிறேன்.

ட்ரெவரிடம் போய்ச் சொன்னேன். 'மொதல்லயே சொல்லியிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேனே சார். கையில அடிபட்டவங்க எத்தனையோ பேர் இப்படித்தான் ஓட்டுறாங்க' என்றான். அந்தப் பையன் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்ததற்கு அவனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மாட்டுகிற வேலை கஷ்டமில்லை, ஆனால் இரண்டு கை வேண்டும், கேபிளை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். யாரைக் கேட்பாயோ எனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் ஆர்னியைத் தவிர ஆளில்லை என்பது எனக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று என்னிடம் சொல். நீ திட்டினால் எனக்குத் தூக்கம் வரும். நீ நன்றி சொன்னால்தான் பயமாக இருக்கிறது.

லைல்


சேஜ் க்ரீக்
அக்டோபர் 26

லைல்,

பார்சல் வெள்ளிக்கிழமை வந்தது. ஞாயிறு காலை தேவாலயம் முடிந்து, நல்ல சட்டையோடு ஆர்னி வந்தான். கையில் குத்தகைக் காகிதம். நான் பேனாவுக்குப் பதிலாக அந்தப் பெட்டியை அவன்முன் வைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பிக்கப்புக்குப் போய் ஸ்பானர் பெட்டியோடு திரும்பி வந்தான்.

கொட்டகைத் தரையெல்லாம் வைக்கோல் தூசி, சின்ன நட்டு விழுந்தால் கிடைக்காது. ஆர்னி அந்தக் குத்தகைக் காகிதத்தைத் தரையில் விரித்தான். கழற்றுகிற நட்டு, போல்ட், ஸ்பிரிங் எல்லாவற்றையும் அதன்மேல் வரிசையாக வைத்தான். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானம் தாண்டி முடிந்தது. கடைசி நட்டையும் முடுக்கிவிட்டு, காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

'இதுல இனிமே கையெழுத்துப் போட முடியாது மார்லிஸ். பூரா கிரீஸ்.'

'ஆர்னி, உனக்கு அந்தப் புல்லு வேணும்னு எனக்குத் தெரியும்.'

'வேணுந்தான். அதுக்காக உன்ன ஜன்னலோரம் உக்கார வெச்சுட்டு நான் மேய்க்கணுமா? எங்க வீட்ல ஒருத்தி இருக்கா, அதுக்கப்புறம் எனக்குச் சோறு போட மாட்டா.'

அவனை உட்கார வைத்து ரோஸ்ட்டும் ஆப்பிள் கேக்கும் சாப்பிட வைத்தேன். மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெற்கு மூலைத் துண்டு நிலத்தை வரும் கோடையில் மேய்த்துக்கொள், காகிதம் எதுவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இடது விரல் முதலில் முட்டாளாக இருந்தது. களத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பழகினேன். சார்ஜென்ட் வேலியோரமாகக் கூடவே ஓடிவந்தான், அவனுக்குப் பொறாமை. கோழிகளைக் கூட்டுக்குள் அடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். மாடுகள் சந்தைக்குப் போகவில்லை. புதன்கிழமை இந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. வின்ச்சைப் பற்றி நான் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஒரு பசு, ஒரு சேறு, அவ்வளவுதான் சொல்வேன், ஜெயித்துவிட்டதாக ஆடாதே.

தம்பி, உனக்கு நன்றி. இந்தத் தடவை பயப்படாதே, இதில் மறைப்பு ஒன்றும் இல்லை. நீ எனக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தாய், தப்பாகச் செய்தாய், மறுபடி செய்தாய். அந்த இரண்டாவது தடவைக்குத்தான் என் நன்றி ரொம்ப அதிகம். நவம்பரில் அழுக்குத் துணியோடு வா.

இன்று காலை வடக்கு மேய்ச்சலுக்குப் போனேன். உப்பு நேற்றே வைத்தாயிற்று, வேலியில் பழுதில்லை, தண்ணீர் நிரம்பியிருந்தது. மேட்டின்மேல் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே என் மாடுகள் பனியைக் கிளறிப் புல் தின்றுகொண்டிருந்தன. கோடை முழுக்க ஆர்னியைக் கூப்பிட வேண்டுமென்றால் ஏதாவது ஒரு வேலை இருந்தாக வேண்டியிருந்தது. வேலை இல்லாவிட்டால் எந்த முகத்தோடு கூப்பிடுவது? பார்க்கணும் போல இருக்கு, கூட்டிட்டுப் போ என்று ஒரு மனுஷனிடம் கேட்க முடியுமா? இன்றைக்கு எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, லைல். சும்மா போனேன்.

மார்லிஸ்